வாசல் மாறி வந்த பார்சல்

நவராத்திரிக்கு யார் யாரை வெற்றிலை பாக்கு வாங்கிக்கொள்ள அழைப்பது என்று பட்டியல் போட உட்காருகிறீர்கள். எதிர் வீடு, பக்கத்து வீடு, நாத்தனார், பாட்டு டீச்சர்... பேனா மளமளவென்று ஓடுகிறது. ஒரு பெயர் வந்ததும் மட்டும் நின்றுவிடுகிறது. 'அவளையா? கூப்பிடணுமா?' என்று மனசு முரண்டு பிடிக்கிறது.

அநேகமாக அந்தப் பெயர் உங்கள் மாடிக்கோ, கீழ் வீட்டுக்கோ, அடுத்த வாசலுக்கோ சொந்தமானதாகத்தான் இருக்கும். தூரத்தில் இருப்பவர்களோடு நமக்கு அவ்வளவாக மனஸ்தாபம் வருவதில்லை. ஒரே மோட்டார், ஒரே மாடிப்படி, ஒரே கேட் என்று பங்குபோட்டு வாழ்கிறவர்களோடுதான் வருகிறது.

எனக்கும் அப்படி ஒரு பெயர் உண்டு. அடையாறில் எங்கள் குடியிருப்பின் இரண்டாம் மாடி மாமி. துணியிலிருந்து சொட்டும் தண்ணீரில் தொடங்கி, மோட்டார் போடும் நேரத்தில் வளர்ந்து, இரண்டு வருஷமாக எங்களுக்குள் பேச்சு வார்த்தை நின்றுபோயிருந்தது. படியில் எதிர்ப்பட்டால் இருவருக்கும் திடீரென்று சுவர் அழகாகத் தெரியும்!

இந்த நிலையில் ஒரு பார்சல் வந்தது. அது எனக்குக் கற்றுக்கொடுத்ததைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்ளப் போகிறேன்.

பிரதோஷத்தன்று வந்த பொம்மை

எங்கள் வீட்டு தசாவதார செட், என் மாமியாரின் மாமியார் காலத்தது. அதில் கூர்மாவதாரம் கீறல் விட்டு, ஒருநாள் கையோடு வந்துவிட்டது. மதுரைக்குப் பக்கத்தில் விளாச்சேரி என்று ஓர் ஊர். கொலு பொம்மைக்குப் பேர்போனது. அங்கிருந்து ஒரு கூர்மம் வரவழைக்க ஏற்பாடு செய்திருந்தேன். மகாளய அமாவாசைக்குள் வந்துவிட வேண்டுமே என்று தினமும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அமாவாசைக்கு இரண்டு நாள் முன்னால் பிரதோஷம். திருவான்மியூர் மருந்தீஸ்வரர் கோயிலுக்குக் கிளம்பிவிட்டேன். மாமியாரும் அன்று மகள் வீட்டுக்குப் போயிருந்தார். வீடு பூட்டிக் கிடந்த நேரம் பார்த்துப் பார்சல் வந்திருக்கிறது. வாட்ச்மேன் டீ குடிக்கப் போயிருக்கிறார். கொண்டுவந்த பையன் ஒவ்வொரு கதவாகத் தட்டி, கடைசியில் இரண்டாம் மாடியில் கொடுத்துவிட்டுப் போய்விட்டான்.

இது எதுவும் எனக்குத் தெரியாது. இரவு எட்டு மணிக்குக் காலிங் பெல் அடித்தது. கதவில் இருக்கும் சின்னக் கண்ணாடி வழியே பார்த்தேன். மாடி மாமி! 'இந்த வேளையில் என்ன சண்டைக்கு வந்திருக்கிறாளோ' என்று மூச்சுக் காட்டாமல் நின்றேன். மறுபடி ஒருமுறை அடித்துவிட்டுப் போய்விட்டாள். மறுநாள் காலை ஏழு மணிக்கும் பெல் அடித்தது. மறுபடியும் கண்ணாடி. மறுபடியும் மாமி. மறுபடியும் நான் திறக்கவில்லை.

பத்து மணிக்குத்தான் செல்போனைப் பார்த்தேன். 'உங்கள் பார்சல் ஒப்படைக்கப்பட்டது' என்று செய்தி. விசாரித்தால், 'இரண்டாம் மாடியில் கொடுத்தோம்' என்கிறார்கள்.

இப்போது நீங்கள் என்ன நினைப்பீர்கள்? 'அட, அதைக் கொடுக்கத்தானே பெல் அடித்திருக்கிறாள்!' என்று உங்களுக்குச் சட்டென்று தோன்றுகிறது, இல்லையா? எனக்குத் தோன்றவில்லை! இரண்டு வருஷக் கோபம் கண்ணை மறைத்துவிட்டது. பெல் அடித்ததையும் பார்சல் வந்ததையும் சேர்த்துப் பார்க்க மனசு மறுத்துவிட்டது. "பாருங்க, நம்ம பார்சலை அவள் வச்சுண்டுட்டா" என்பதுதான் என் வாயிலிருந்து வந்த முதல் வாக்கியம்.

அந்த வாக்கியத்தை அன்று நான் நான்கு பேரிடம் சொன்னேன். என் அக்காவிடம் போனில். எதிர் வீட்டில். வேலைக்கு வரும் பெண்ணிடம். குடியிருப்பின் செயலாளரிடம். அவர் கேட்டில் ஆள் இல்லாததற்காக வாட்ச்மேனை எல்லோர் எதிரிலும் சத்தம் போட்டார்.

மறுநாள் அமாவாசை. ஊரிலிருந்து திரும்பிய மாமியார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இத்தனை பேர்கிட்ட சொன்னியே, அவகிட்ட கேட்டியா?"

படியேறினேன். கதவைத் திறந்த மாமி, நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளே போய்ப் பார்சலைக் கொண்டுவந்தாள். ஒட்டிய டேப் ஒட்டியபடி இருந்தது. "பொம்மைன்னு மேல எழுதியிருந்தது. படுக்க வச்சா உடைஞ்சிடுமோன்னு பூஜை ரூம்ல நிமிர்த்தி வச்சிருந்தேன். ரெண்டு நாளா வந்து பெல் அடிச்சேன். உள்ளே லைட் எரிஞ்சுது. கதவுக்குப் பின்னால ஆள் நிக்கறதும் தெரிஞ்சுது. இனிமே பெல் அடிச்சா கதவைத் திறம்மா" என்றாள்.

எனக்குப் பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொள்ளாதா என்றிருந்தது.

ஒரு வார்த்தை வித்தியாசம்

இதில் நான் வெகு நாள் யோசித்த விஷயம் ஒன்று உண்டு. நான் சொன்னது முழுப் பொய்யும் இல்லையே! பார்சல் மாமி வீட்டில்தானே இருந்தது?

இங்கேதான் தர்மத்தின் நுணுக்கம் இருக்கிறது. 'பார்சல் அவளிடம் இருக்கிறது' என்பது எனக்குத் தெரிந்த விஷயம். 'அவள் வைத்துக்கொண்டாள்' என்பது நானாகச் சேர்த்த விஷயம். இரண்டுக்கும் ஒரு வார்த்தைதான் வித்தியாசம். முதலாவது செய்தி. இரண்டாவது பழி. பொருள் எங்கே இருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்கலாம். அடுத்தவர் மனசு எங்கே இருக்கிறது என்பது நமக்கு எப்படித் தெரியும்?

நாம் பொய் சொல்லக் கூடாது என்று ஜாக்கிரதையாக இருக்கிறோம். ஆனால் உண்மையின் தோளில் ஏறிக்கொண்டு போகிற பழியைக் கவனிப்பதில்லை. பாதி உண்மை கூடவே இருப்பதால் அது நம் மனசாட்சியையும் உறுத்துவதில்லை. அதுதான் அதன் ஆபத்து.

துவாரகையில் காதோடு காதாக...

இதைவிட வெட்கம் என்ன தெரியுமா? அதற்கு ஒரு மாதம் முன்புதான் விநாயக சதுர்த்தியன்று பூஜை முடித்து, கையில் அட்சதையோடு உட்கார்ந்து, ஸ்யமந்தக மணியின் கதையைக் கேட்டிருந்தேன். சதுர்த்தி நிலாவைப் பார்த்தால் வீண் பழி வரும், அந்தத் தோஷம் நீங்க இந்தக் கதையைக் கேட்க வேண்டும் என்று நம் வீடுகளில் வழக்கம். உங்களுக்கும் தெரிந்த கதைதான். இருந்தாலும் ஒருமுறை நிதானமாகப் பாருங்கள்.

சத்ராஜித், சூரிய பகவானிடம் பெற்ற மணி அது. தினமும் பொன்னைக் கொடுக்கும். அதை உக்ரசேன மகாராஜாவிடம் கொடுக்கலாமே என்று கண்ணன் ஒருமுறை சொன்னான். சத்ராஜித் கொடுக்கவில்லை. பிறகு அவன் தம்பி பிரசேனன் அந்த மணியை அணிந்துகொண்டு வேட்டைக்குப் போனான். சிங்கம் ஒன்று அவனைக் கொன்றது. அந்தச் சிங்கத்தை ஜாம்பவான் கொன்று, மணியைக் கொண்டுபோய்த் தன் குழந்தைக்கு விளையாடக் கொடுத்துவிட்டார்.

தம்பி திரும்பவில்லை. சத்ராஜித்துக்கு அழுகை, பதைப்பு. 'கண்ணன்தான் கொன்றிருப்பான்' என்றான். நன்றாகக் கவனியுங்கள்... 'கொன்றான்' என்று சொல்லவில்லை. 'கொன்றிருப்பான்' என்றுதான் சொன்னான். அதைக் கேட்ட ஜனங்கள் காதோடு காதாகப் பேசிக்கொண்டார்கள் என்கிறது ஸ்ரீமத் பாகவதம். 'இருக்கும்' என்று புறப்பட்ட சொல், நாலு காது தாண்டியதும் 'ஆமாம்' என்று ஆகிவிட்டது. எந்தக் காலத்திலும் அது அப்படித்தான்!

அவன் சந்தேகத்துக்கும் ஒரு காரணம் இருந்தது. 'முன்னால் மணியைக் கேட்டவன்தானே!' என்கிற பழைய கணக்கு. என் கணக்கில் அது சொட்டுத் தண்ணீர். அவன் கணக்கில் மணி. அவ்வளவுதான் வித்தியாசம்.

பழி சுமந்த கண்ணன் என்ன செய்தான்? சத்ராஜித்தின் வாசலில் போய்ச் சத்தம் போடவில்லை. ஊர்ப் பெரியவர்களைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, காட்டில் தடம் பார்த்துக்கொண்டே போனான். செத்துக் கிடந்த பிரசேனனைக் கண்டார்கள். சிங்கத்தைக் கண்டார்கள். குகை வாசலில் எல்லோரையும் நிறுத்திவிட்டுத் தான் மட்டும் உள்ளே போனான். ஜாம்பவானோடு இருபத்தெட்டு நாள் யுத்தம். வெளியே நின்றவர்கள் பன்னிரண்டு நாள் பார்த்துவிட்டுத் துவாரகைக்குத் திரும்பிவிட்டார்கள். கண்ணன் வரவில்லையே என்று ஊரே துர்க்கையை வேண்டியது. காதோடு காதாகப் பேசிய அதே ஊர்!

மணியோடும் ஜாம்பவதியோடும் வந்த கண்ணன், சத்ராஜித்தைச் சபைக்கு அழைத்து, நடந்ததைச் சொல்லி, மணியை அவன் கையிலேயே கொடுத்தான். சத்ராஜித் தலையைக் குனிந்துகொண்டு வாங்கிக்கொண்டான். போன மணி வந்துவிட்டது. ஆனால் போன வார்த்தை வரவில்லையே! அதற்காகத்தான் தன் மகள் சத்யபாமாவையே கண்ணனுக்குக் கொடுத்தான். பொருளைத் திருப்பிக் கொடுப்பது சுலபம், பழியைத் திருப்பி எடுத்துக்கொள்வதுதான் கஷ்டம் என்பதை இந்தக் கதை எத்தனை அழகாகச் சொல்கிறது!

நான் வருஷா வருஷம் அட்சதை போட்டுக் கேட்கிறேன். ஆனால் எப்போதும் என்னைக் கண்ணன் பக்கத்திலேயே வைத்துக் கேட்டிருக்கிறேன். 'எனக்கு வீண் பழி வரக் கூடாது' என்றுதான் வேண்டிக்கொண்டிருக்கிறேன். 'நான் யார் மீதும் வீண் பழி போடக் கூடாது' என்று ஒருநாளும் வேண்டிக்கொண்டதில்லை. நீங்கள்?

வழி தவறி வந்த பசு

சரி, இப்போது மாமியின் பக்கத்திலிருந்து பாருங்கள். பிறர் பொருள் நம் வாசலுக்கு வந்துவிட்டால் என்ன செய்ய வேண்டும்? அதற்கும் பாகவதத்தில் ஒரு கதை உண்டு. நிருக மகாராஜாவின் கதை.

கணக்கில்லாத பசுக்களைத் தானம் செய்தவர் அவர். ஒருநாள் ஓர் அந்தணரின் பசு வழி தவறி வந்து அரசரின் மந்தையில் கலந்துவிட்டது. அது தெரியாமல் அரசர் அதை வேறொருவருக்குத் தானம் செய்துவிட்டார். உரியவர் வந்து கேட்டார். 'என்னுடையது' என்றார் அவர். 'எனக்கு அரசர் கொடுத்தது' என்றார் இவர். பதிலுக்கு லட்சம் பசுக்கள் தருகிறேன் என்று அரசர் கெஞ்சியும் இருவரும் ஒப்பவில்லை. அந்த ஒரு பசுவுக்காக அவர் ஓணானாகி ஒரு கிணற்றில் வெகு காலம் கிடந்து, கண்ணன் கை பட்டு விமோசனம் பெற்றார்.

'தெரியாமல்தானே செய்தார், இத்தனை பெரிய தண்டனையா?' என்று தோன்றும். தானம் செய்வதில் இருந்த ஆர்வம், வாசலுக்கு வந்தது யாருடையது என்று பார்ப்பதில் இல்லை. அதுதான் குறை. நாமும் கோயில் உண்டியலில் தாராளமாகப் போடுவோம். அடுத்த வீட்டுக் கடிதம் நம் பெட்டியில் விழுந்தால், 'அப்புறம் கொடுக்கலாம்' என்று மிக்ஸிக்கு மேலே வைத்து மறந்துவிடுவோம்.

தேசத்தின் சட்டமும் இதையேதான் சொல்கிறது. 1860-ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்தின் 403-வது பிரிவும், 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 314-வது பிரிவும் ஒரே உதாரணத்தைக் காட்டுகின்றன. தெருவில் ஒரு கடிதம் கிடைக்கிறது, உள்ளே பண நோட்டு. கடிதத்தைப் பார்த்தால் யாருடையது என்று தெரிகிறது. தெரிந்தும் எடுத்துக்கொண்டால் குற்றம். வாசல் மாறி வரும் பார்சலில் பெயரும் விலாசமும் மேலேயே இருக்கிறது. 'எனக்குத் தெரியாதே' என்று சொல்ல வழியே இல்லை.

பேச்சு வார்த்தை இல்லாத என் வாசலுக்கு, மாமி இரண்டு முறை இறங்கி வந்தாள். நான் பிரதோஷத்துக்குப் போய் வந்த புண்ணியத்தைவிட அந்த இரண்டு முறையின் புண்ணியம் பெரிது என்று இப்போது நினைக்கிறேன்.

என்ன செய்யலாம்?

முதலில், பார்சல் மாறிப் போவதில் பெரும்பாலும் யாருடைய கெட்ட எண்ணமும் இருப்பதில்லை. எங்கள் அடையாறையே எடுத்துக்கொள்ளுங்கள். காந்தி நகரிலும் முதல் மெயின் ரோடு உண்டு. கஸ்தூர்பா நகரிலும் உண்டு. இந்திரா நகரிலும் உண்டு. எல்லாவற்றுக்கும் ஒரே பின்கோடு, 600020. போதாததற்குப் பழைய எண், புதிய எண்! 1972-ல் ஆகஸ்ட் 15 அன்று பின்கோடு முறை வந்தபோது, அதன் கடைசி மூன்று இலக்கம் தபாலாபீஸைக் காட்டத்தான் ஏற்பட்டது. உங்கள் வாசலைக் காட்டாது. ஆகவே விலாசத்தில் நகரின் பெயர், இரண்டு எண்கள், மாடி எல்லாவற்றையும் தெளிவாக எழுதுங்கள். பக்கத்தில் உள்ள கோயிலைக் குறிப்பிடுங்கள். காந்தி நகர்க்காரர்கள் அனந்தபத்மநாப சுவாமி கோயிலைச் சொன்னால் போதும், வழி கிடைத்துவிடும்.

இரண்டாவது, நேரே போய்க் கேளுங்கள். செயலாளரிடமோ, குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவிலோ ஆரம்பிக்காதீர்கள். 'என் பார்சலை ஏன் வாங்கினீங்க?' என்று கேட்டால் சண்டை. 'எங்க பார்சல் தவறி உங்க வீட்டுக்கு வந்துடுத்தா மாமி? உங்களுக்குத்தான் சிரமம்' என்று கேட்டால், வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தவர்கூடக் கௌரவமாகத் திருப்பிக் கொடுக்க ஒரு வழி கிடைக்கும். அந்த வழியை அடைக்காமல் கேட்பதுதான் சாமர்த்தியம், அதுவே தர்மமும்கூட.

மூன்றாவது, உண்மையிலேயே தர மறுக்கிறார்களா? 'போனால் போகட்டும்' என்று வெளியே சொல்லிவிட்டு உள்ளே வருஷக்கணக்கில் கருவிக்கொண்டிருப்பது பொறுமை ஆகாது. அது அடுப்பை மூடி வைப்பது போல, நெருப்பு அணையாது. உங்கள் பொருளைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. பார்சல் அனுப்பியவர்களிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். யார் கையில் கொடுத்தார்கள் என்ற விவரத்தைக் கேட்டு வாங்குங்கள். செயலாளரை வைத்துக்கொண்டு கேளுங்கள். அவசியமானால் காவல் நிலையத்துக்கும் போகலாம். ஆனால் அங்கேயும் தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள். தெரிந்ததோடு ஊகத்தைக் கலக்காதீர்கள்.

அடையாறு மத்திய கைலாஷில் ஆத்யந்த பிரபு என்று ஒரு திருவுருவம் உண்டு. பாதி பிள்ளையார், பாதி ஆஞ்சநேயர். தொடக்கமும் முடிவும் ஒரே மூர்த்தியில். இப்போதெல்லாம் அங்கே நிற்கும்போது ஒன்றுதான் வேண்டிக்கொள்கிறேன். 'ஒரு வார்த்தையைத் தொடங்கும்போதே அது எங்கே போய் முடியும் என்று எனக்குக் காட்டு, அப்பா!'

ஏனென்றால் என் வார்த்தை எங்கே முடிந்தது என்பது எனக்குத் தெரியும். அன்றைக்கே கீழே இறங்கி எதிர் வீட்டிலும், வேலைக்கு வரும் பெண்ணிடமும், செயலாளரிடமும் தப்பு என்னுடையது என்று சொன்னேன். வாட்ச்மேனிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லம்மா" என்றார். அவரை எல்லோர் எதிரிலும் சத்தம் போட்டது போட்டதுதான். என் மன்னிப்பைக் கேட்க அங்கே யாரும் இல்லை. அக்காவிடமும் எல்லாவற்றையும் விளக்கினேன். ஆனாலும் அடுத்த வருஷம் ஊரிலிருந்து வந்தவள் படியேறும்போதே, "அந்தப் பார்சல் மாமி இன்னும் இங்கேதான் இருக்காளா?" என்று கேட்டாள்.

கூர்மம் சரியான வாசலுக்கு வந்துவிட்டது. என் சொல் மட்டும் இன்னும் எந்தெந்த வாசலிலோ நின்றுகொண்டிருக்கிறது.

மாமி மாறிவிட்டாளா என்று கேட்கிறீர்களா? அதெல்லாம் இல்லை! இப்போதும் துணி விஷயத்தில் சண்டை உண்டு. ஆனால் அந்த நவராத்திரியில் அழைப்புக்கு முதலில் நான் ஏறியது இரண்டாம் மாடிதான். மாமி வந்தாள். படியில் இருந்த புது கூர்மத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டாள். சுண்டலை வாயில் போட்டுக்கொண்டு, "உப்பு கொஞ்சம் கம்மி" என்றாள்.

நான் சிரித்துக்கொண்டே உப்பு ஜாடியை எடுத்துவந்தேன்.

இந்த வருஷம் பட்டியல் போடும்போது உங்கள் பேனா நிற்கிற அந்தப் பெயரை முதல் வரியில் எழுதுங்கள். போன் செய்யாமல், ஆள் அனுப்பாமல், நீங்களே குங்குமச் சிமிழோடு போய்க் கூப்பிடுங்கள். அவர் வரலாம், வராமலும் இருக்கலாம். உங்கள் வாசல் மணி அடிக்கும்போது மட்டும், கண்ணாடியில் பார்த்துவிட்டு நின்றுவிடாமல் கதவைத் திறங்கள்.